டேப்புக்கு மசியாத தங்கம்

கண்ணாடிச் சில்லின் மேல் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அதன் மேல் செலோ டேப்பை ஒட்டிச் சரக்கென்று இழுங்கள். தங்கம் மொத்தமும் டேப்போடு வந்துவிடும். தங்கம் ஆக்ஸிஜனோடு சேராத உலோகம், கண்ணாடியோ ஆக்சைடு. பிடித்துக்கொள்ள வழியே இல்லை. இன்னொரு சில்லை முடுக்கியிலிருந்து வரும் அயனிக் கற்றையில் வேண்டிய அளவு காட்டிவிட்டு டேப்பை ஒட்டிப் பாருங்கள். டேப் வெறுங்கையோடு திரும்பும்.

நான் விஞ்ஞானி இல்லை. மும்பை செம்பூரில் பஸ் ஏறி வேலைக்குப் போய், வேக்கும் சேம்பரில் இந்த மாதிரிப் படலங்களைப் படியவைத்துக் கொடுத்த டெக்னீஷியன். சிலிக்கான் தகட்டை வைர முனையால் கீறி நக அளவுத் துண்டுகளாக உடைக்க வேண்டும். அசிட்டோனில் அலம்ப வேண்டும். பிறகு டங்ஸ்டன் படகில் நிக்கல் கம்பியை வைத்து, மின்சாரம் ஏற்றி, அது வெள்ளையாக ஒளிர்ந்து உருகுவதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் ரேகை ஒன்று பட்டால் போதும், அந்த இடத்தில் படலம் பொரிந்து கிளம்பிவிடும். இப்படி வரும் படலத்தின் தடிமன் ஐம்பது, நூறு நானோமீட்டர். தலைமுடியின் குறுக்களவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

அயனி என்பது எலெக்ட்ரானை இழந்த அல்லது கூடுதலாகப் பெற்ற அணு. மின்னேற்றம் இருப்பதால் மின்னழுத்தம் கொடுத்து அதை விரட்டலாம். செனான் அயனியை மூன்று லட்சம் வோல்ட்டில் விரட்டி நிக்கல் பூசிய சிலிக்கான் மேல் விட்டால், அது மேல் படலத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டும் சந்திக்கும் எல்லைக்கே போய்ச் சேரும். போகிற வழியில் நடப்பது கேரம் போர்டில் முதல் அடி மாதிரிதான். ஸ்ட்ரைக்கர் ஒரு காயைத் தட்ட, அது நாலைத் தட்ட, அடுக்கே கலைந்துபோகும். மேலே இருந்த நிக்கல் அணு சிலிக்கானுக்குள், சிலிக்கான் அணு நிக்கலுக்குள். ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் சில துளி நேரத்துக்கு அந்த இடம் மட்டும் உருகியதுபோலக் கொதித்து, உடனே உறைந்துவிடும். துண்டை மொத்தமாகப் பார்த்தால் பெரிதாகச் சூடேறியிருக்காது. உலையில் வைத்துக் கலப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்த அவசர உறைதலால் ஒரு வேடிக்கை நடக்கிறது. வெள்ளியும் செம்பும் உருக்கினால் நன்றாகக் கலக்கும். ஆறும்போது ஒன்றை ஒன்று உதறிவிட்டுத் தனித்தனித் திட்டுகளாக உறையும். ஜவேரி பஜாரில் யாரைக் கேட்டாலும் செம்பு சேர்ந்த வெள்ளியைக் காட்டுவார்கள்; பூதக்கண்ணாடிக்கு எட்டாத அளவில் அது இரண்டு பொருள்தான். 1980இல் அமெரிக்காவில் மேயர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் வெள்ளி, செம்புப் படலங்களை மாற்றி மாற்றி அடுக்கி, செனான் அயனிகளால் அடித்தார்கள். எந்த விகிதத்தில் எடுத்தாலும் ஒரே பொருளாக உறைந்தது. பிரிந்துபோக அணுக்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

கலந்ததா இல்லையா என்று பார்க்க மறுபடியும் அயனிதான். ஹீலியம் அயனிகளை விட்டு, திரும்பித் தெறிக்கிறவற்றின் ஆற்றலை அளக்கிறார்கள். ருதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்ட அதே உபாயம். கனமான அணுவில் மோதியது அதிக ஆற்றலோடு திரும்பும், ஆழத்தில் மோதியது களைத்துத் திரும்பும். படலங்கள் தனித்தனியாக இருந்தால் வரைபடத்தின் ஓரம் செங்குத்தாக இறங்கும்; கலந்திருந்தால் சரிந்து இறங்கும். என் துண்டு தேறியதா என்பதை அந்தச் சரிவைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

மும்பையில் அயனிகளை விரட்டும் பெரிய எந்திரங்கள் இரண்டு. கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் 1988 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய பெல்லட்ரான், ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட். உலோக உருளைகளை நைலானால் கோத்த சங்கிலி ஓடி ஓடி மின்னேற்றத்தைச் சுமந்து சேர்க்கும். எதிர்மின் அயனியாக உள்ளே போவது, நடுவில் எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்து நேர்மின் அயனியாகி, அதே மின்னழுத்தத்தால் இரண்டாம் முறையும் விரட்டப்படும். ஒரே முதலுக்கு இரண்டு வட்டி! இன்னொன்று எங்கள் செம்பூருக்குப் பக்கத்தில், டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. பழைய வான் டி கிராஃப் எந்திரத்தை மாற்றியமைத்து 2000இல் ஓடவிட்ட, அறுபது லட்சம் வோல்ட் மடிப்பு முடுக்கி.

கோடி வோல்ட் கணக்கில் போகும்போது கதை மாறுகிறது. அயனி அவ்வளவு வேகத்தில் அணுக்களை முட்டுவது அபூர்வம். எலெக்ட்ரான்களைக் கலக்கிக்கொண்டு நேர்கோட்டில் பாய்ந்துவிடும். போன தடம் சில நானோமீட்டர் அகலத்துக்குக் கொதித்து ஆறும், கலப்பு அங்கே நடக்கும். பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக டெல்லியிலுள்ள முடுக்கி மையத்தில் இந்த வகை வேலை நிறைய நடந்திருக்கிறது. செம்பு, வெள்ளி போன்ற நல்ல கடத்திகள் மட்டும் இதற்கு லேசில் மசிவதில்லை. வெப்பத்தை அவற்றின் எலெக்ட்ரான்கள் அள்ளிக்கொண்டு ஓடிவிடும்.

இதையெல்லாம் தாராவியில் பெல்ட் பக்கிளுக்கு நிக்கல் ஏற்றும் ஓர் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிக்காரர், கணக்கில் கெட்டி. “நம்ம பக்கிளுக்குப் போட்டா எவ்வளவு ஆவும் அண்ணாச்சி?” என்றார்.

கணக்குப் போட்டேன். ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் லட்சம் கோடி அயனிகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோஆம்பியர் கற்றையில் அதற்கு அரை மணி நேரம் கிட்டே ஆகும். இருபது சதுர சென்டிமீட்டர் பக்கிளின் முகப்புக்கு மட்டும் ஒன்பது மணி நேரம். கனமான அயனி என்றால் கற்றை இன்னும் மெலிந்துவிடும். அத்தனை மெனக்கெட்டும் கலப்பு நடக்கும் ஆழம் நானோமீட்டர்களில்தான். அவர் ஏற்றும் நிக்கலோ மைக்ரோமீட்டர் கணக்கு. கற்றை எல்லைவரைக்கும் போய்ச் சேராது.

“அப்போ யாருக்குத்தான் ஆவும்?”

செயற்கை இடுப்பு மூட்டின் டைட்டானியம் கலவையில் நைட்ரஜன் அயனிகளைச் செலுத்தித் தேய்மானத்தைக் குறைக்கிறார்கள், சிப்புகளில் வேண்டிய அசுத்தத்தை வேண்டிய ஆழத்தில் வைக்கிறார்கள் என்றேன். அவை அயனியை உள்ளே புதைக்கும் வேலைகள். படலங்களைக் கலக்கும் வித்தை பெரும்பாலும் ஆய்வகத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான் என் அபிப்பிராயம்.

அவர் உரிந்துபோன ஒரு பக்கிளை என் கையில் வைத்தார். ஜிங்க் வார்ப்பு. அடியில் செம்பு ஏற்றாமல் நேரே நிக்கல் பாத்தில் இறக்கியிருந்தார்கள்.