தண்டுவட நீர் கூறும் சாட்சி

மனித உடலின் உறுப்புகளுள் மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் மிக அரிதாகவே எட்டுவது மூளையாகும். கல்லீரலிலிருந்து சிறு துணுக்கொன்றை ஊசியால் எடுத்துச் சோதிக்கலாம். தோலைச் சுரண்டிப் பார்க்கலாம். மூளையோ மண்டையோட்டின் உள்ளே, மூன்று உறைகளுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தைச் சோதித்து அறியலாமே என்றால், இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இயற்கை ஒரு தடுப்பை அமைத்திருக்கிறது. மூளையில் நிகழ்வன யாவும் இரத்தத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. இந்நிலையில், மூளையின் செய்தியை வெளியே கொணரும் தூதனாக விளங்குவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கும் நீரே. அந்நீரைப் பற்றியும், அதில் மருத்துவர் தேடும் நுண்பொருள்களைப் பற்றியும் இங்கே சிறிது சிந்திப்போம்.

இந்நீர் நல்ல நிலையில் பளிங்கு போல் தெளிந்திருக்கும். வளர்ந்த மனிதரிடத்தில் எந்நேரமும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் அளவே இருக்கும். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. ஆகவே பழைய நீர் கழிந்து புதுநீர் நிறைவது நாளில் மூன்று நான்கு முறை நிகழ்கிறது. மூளைக்கு அதிர்ச்சி நேராதபடி மெத்தை போலத் தாங்குவதோடு, மூளையின் உயிரணுக்கள் வெளியேற்றும் பொருள்களையும் இந்நீர் ஏந்திச் செல்கிறது. ஊருக்கு வெளியே ஓடும் வாய்க்காலின் நீரைப் பார்த்தே, ஊருக்குள் சாயப்பட்டறை இருக்கிறதா, எண்ணெய்ச் செக்கு ஓடுகிறதா என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இத்தாலிய மருத்துவர் தொமெனிக்கோ கோத்துன்யோ 1764-ஆம் ஆண்டில் இந்நீரைப் பற்றி எழுதினார். ஆயினும் உயிருள்ள மனிதரின் முதுகிலிருந்து ஊசி வழியாக அதை எடுக்கும் முறையை 1891-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் குவின்கே ஆவார்.

முதுகில் ஊசி என்றதும் நம் மக்களிடையே பெரும் அச்சம் தோன்றுகிறது. "கால் விழுந்துவிடும்" என்று சொல்லி, நோயாளியை மருத்துவமனையிலிருந்து அழைத்துச் சென்றுவிடும் குடும்பங்களும் உண்டு. இவ்வச்சத்திற்கு உடலமைப்பே விடை கூறுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதலாவது அல்லது இரண்டாவது முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும், அல்லது நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே செலுத்தப்படுகிறது. அங்கே தண்டுவடம் இல்லை. நரம்பிழைகளே நீரில் தொங்குகின்றன. ஊசி நெருங்கும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. சிலருக்குப் பின்னர்ச் சில நாள் தலைவலி வருவதுண்டு. மெல்லிய, முனை மழுங்கிய ஊசியைப் பயன்படுத்தினால் அதுவும் குறைகிறது. மண்டைக்குள் கட்டி இருந்து அழுத்தம் மிகுந்திருந்தாலோ, இரத்தம் எளிதில் உறையாத நிலை இருந்தாலோ இச்சோதனை ஆபத்தை விளைவிக்கக்கூடும். அதனாற்றான் மருத்துவர் முன்கூட்டியே உடலை நன்கு சோதிக்கிறார். வேண்டியபோது ஸ்கேன் எடுத்தும் பார்க்கிறார்.

எடுத்த நீரில் அவர் எதைத் தேடுகிறார்? முதற்கண் உயிரணுக்களின் எண்ணிக்கை, புரதத்தின் அளவு, சர்க்கரையின் அளவு ஆகிய மூன்றையும் பார்க்கிறார். இவை நெடுங்காலமாக வழங்கும் சோதனைகள். இவற்றிற்கும் அப்பால், குறிப்பிட்ட நோயைக் குறிப்பிட்ட மூலக்கூற்றால் அடையாளங் காணும் முறை இன்று வளர்ந்துள்ளது. இத்தகைய மூலக்கூறுகளை 'பயோமார்க்கர்' என்பர். தமிழில் 'நோய்ச்சுட்டி' எனலாம்.

மூளை உறையைத் தாக்கும் காசநோயை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இன்றும் இது கொடிய பகையாக நிற்கிறது. பல நாள் காய்ச்சல், தலைவலி, வாந்தி, பின்னர் மயக்கம் என்று இது மெல்ல வளரும். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உயிருக்கோ பார்வைக்கோ கை கால்களுக்கோ கேடு மிகுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் 'எக்ஸ்பெர்ட்' என்னும் சோதனையோ சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. ரிஃபாம்பிசின் என்னும் மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படுமா என்பதையும் கூறுகிறது. தண்டுவட நீரில் இச்சோதனையைச் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. கிருமி அகப்பட்டால் நோய் உறுதி. அகப்படாவிட்டால் நோய் இல்லை என்று துணிய இயலாது. ஆகவேதான், மற்ற அறிகுறிகள் பொருந்தினால் மருத்துவர் விடைக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்.

அடுத்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் 1955-இல் வேலூரில் முதன்முதலாக அறியப்பட்டது. பிற்காலத்தில் 1978-லும் 2005-லும் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் பெருங்கேடு விளைத்தது. கொசுக்கள் பரப்பும் இந்த வைரஸ் இரத்தத்தில் தங்கும் காலம் குறைவு. ஆதலின் வைரஸைத் தேடுவதினும், அதனை எதிர்க்க உடல் உண்டாக்கும் 'ஐஜிஎம்' என்னும் எதிர்ப்பொருளைத் தண்டுவட நீரில் தேடுவதே பயனுடையது. அது அந்நீரில் காணப்படுவது, போராட்டம் மூளைக்குள்ளேயே நிகழ்கிறது என்பதற்குச் சான்றாகிறது.

வெளியிலிருந்து கிருமி எதுவும் வராமல், உடலின் காவற்படையே நரம்புகளின் உறையைத் தாக்கும் நோயும் உண்டு. அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ். 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி எல்வின் காபட்டும் அவருடைய துணைவர்களும், இந்நோயாளர் பலரின் தண்டுவட நீரில் காமா குளோபுலின் என்னும் புரதம் மிகுந்திருப்பதைக் காட்டினர். இப்புரதத்தை மின்சாரத்தின் உதவியால் பிரித்தால் தனித்தனிப் பட்டைகள் தோன்றும். அப்பட்டைகள் இரத்தத்தில் இன்றித் தண்டுவட நீரில் மட்டும் காணப்பட்டால் அது நோய்க்கு வலுவான சான்றாகும். 2017-இல் திருத்தப்பட்ட நோய்க்கணிப்பு விதிகள் இச்சான்றுக்கு மீண்டும் உரிய இடம் அளித்தன.

இனி, முதியோரின் நினைவாற்றலைக் கவரும் அல்ஸைமர் நோயைக் காண்போம். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் 1906-இல் இதனை விவரித்தார். இறந்த பின்னரே மூளையை அறுத்து உறுதி செய்யும் நிலை பல்லாண்டுகள் நீடித்தது. இந்நோயில் 'அமிலாய்டு பீட்டா' என்னும் புரதம் மூளையில் படிவுகளாகத் தங்கிவிடுகிறது. மூளையிலேயே தங்கிவிடுவதால் தண்டுவட நீரில் அதன் ஒரு வகை குறைந்து காணப்படும். 'டௌ' என்னும் மற்றொரு புரதமோ அந்நீரில் மிகுந்து காணப்படும். ஒன்று குறைய மற்றொன்று ஏற, இவ்விரண்டையும் சேர்த்து நோக்கி மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வொன்று, அறிகுறிகள் தோன்றுமென எதிர்பார்க்கப்படும் வயதுக்குச் சுமார் 25 ஆண்டுகள் முன்பே தண்டுவட நீரில் அமிலாய்டு குறையத் தொடங்கக்கூடும் என்று காட்டிற்று. நோய் அவ்வளவு காலம் ஓசையின்றி வளர்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆனால் நோய்ச்சுட்டி வேறு, நோய் வேறு. முதியோர் சிலரிடத்தில் அமிலாய்டின் மாற்றம் காணப்பட்டும் நினைவு குன்றாமல் இருப்பதுண்டு. பி12 வைட்டமின் குறைவினாலும், தைராய்டு சுரப்பு மந்தத்தினாலும் மறதி வருவதுண்டு. இவை மருந்தால் சீர்படக்கூடியவை. ஆகவே எளிய இரத்தச் சோதனைகளை முதலில் செய்தபின்னரே முதுகு ஊசியை நாடுதல் முறை. அல்ஸைமர் நோய்ச்சுட்டிகளை இரத்தத்திலேயே அளக்கும் சோதனை ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2025-இல் இசைவளித்தது. காலப்போக்கில் சிலருக்கு ஊசியே தேவைப்படாமற் போகலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் மற்றொரு இடரும் உண்டு. தாயோ குழந்தையோ நினைவிழந்து கிடக்கும் வேளையில், தெரியாத மொழியில் அச்சிட்ட இசைவுத் தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கிறார்கள். வட இந்தியாவில் இதனை 'ரீட் கீ ஹட்டி கா பானி' எடுப்பது என்பர். முதுகெலும்பின் நீர் என்பது அதன் பொருள். இச்சொற்றொடரை அறிந்திருந்தாலே கலக்கம் பாதி தீரும். எதற்காக எடுக்கிறீர்கள், எடுக்காமல் விட்டால் என்ன இழப்பு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கு என்ன முன்னேற்பாடு என்னும் மூன்று வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். மொழி தடையானால், அங்குள்ள செவிலியரில் தமிழோ மலையாளமோ அறிந்தவர் இருப்பின் அவர் துணையை நாடலாம்.

விடை தெளிவாகக் கிடைத்தால், மூளை உறைக் காய்ச்சல் என்று ஐயுறும்போது அச்சத்தினால் காலத்தைக் கடத்துதல் கூடாது. சில துளி நீர் தக்க வேளையில் கூறும் சாட்சியால் ஓர் உயிர் பிழைக்குமாயின், அச்சாட்சியைக் கேளாமல் விடுவது நமக்கு அழகன்று.