நிற்கும் காருக்கும் தீனி வேண்டும்

மாட்டைக் கட்டிப் போட்டால் புல்லும் தண்ணீரும் காட்ட வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நிறுத்திப் போட்ட காருக்கும் தீனி வேண்டும் என்றால் சிலர் சிரிப்பார்கள். "ஓடாத வண்டிக்கு என்ன செலவு?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு 2020ஆம் ஆண்டு விடை சொல்லிவிட்டது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் கோவிட் நோயைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாடெங்கும் நடப்புக்கு வந்தது. கார்கள் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றன. மே 4ஆம் நாள் கட்டுப்பாடு தளர்ந்து வேலைக்குப் புறப்பட்டவர்களில் பலர், சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்ற ஓசைதான் கேட்டது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. பேட்டரி செத்திருந்தது.

செர்டாங், கூலிம் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போகிறார்கள். சிலர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில், பழையதானாலும் ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வீட்டில் விட்டுச் செல்கிறார்கள். மாதம் ஒரு முறை வந்தால்தான் அது ஓடும். மற்ற நாட்களில் அதற்குக் காவல் அப்பாவும் அம்மாவும்தான். ஆகவே இந்த விஷயம் பெற்றோருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

நின்றபடியே கரைவது எப்படி?

காரில் உள்ள ஈய அமில பேட்டரியை 1859இல் பிரெஞ்சு நாட்டவரான பிளாந்தே கண்டுபிடித்தார். ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் தரும். நன்றாக நிரம்பிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய காலி என்று பொருள்.

கார் பூட்டிக் கிடந்தாலும் திருட்டு எச்சரிக்கை மணி, கடிகாரம், கணினி ஆகியவை விழித்தே இருக்கும். அவை 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 30 நாளில் 21.6 ஆம்பியர் மணி போய்விடும். 45 ஆம்பியர் மணி பேட்டரியில் இது ஏறக்குறையப் பாதி! நம் நாட்டு வெப்பத்தில் பேட்டரி தானாகவும் கரையும். காலியாகக் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. புதிது வாங்க நூற்றுக்கணக்கான வெள்ளி வேண்டும்.

"வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதாதா?" என்பீர்கள். போதாது. இயந்திரத்தைக் கிளப்பச் செலவான மின்சாரத்தையே அந்த ஐந்து நிமிடம் முழுதாகத் திருப்பித் தராமல் போகலாம். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டால் நச்சுப் புகை உயிரையே குடிக்கும்.

சிறு கருவி

இதற்குத்தான் பேட்டரி மெயிண்டெய்னர் என்ற கருவி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை வாங்கி, 14.4 வோல்ட் அளவுவரை மெல்ல ஏற்றும். நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவுக்குத் தானே இறங்கி, கரைந்ததை மட்டும் ஈடு செய்யும். பட்டறையில் உள்ள பழைய சார்ஜருக்கு இந்த அறிவு கிடையாது. அதை நாள் கணக்கில் மாட்டி வைத்தால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

மாட்டும் முறை

முதலில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் அது எப்போதும் முன்னால் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்காது. 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பின் பெட்டிக்குள் இருக்கும். போர்ஷ 911இல் இயந்திரம் பின்னால், பேட்டரி முன் பெட்டியில். அதன் சில வகைகளில் முன் மூடி மின்சாரத்தால்தான் திறக்கும். பேட்டரி செத்தால் மூடியும் திறக்காது. ஆகவே சாகும் முன்பே கருவியை மாட்டுவது புத்திசாலித்தனம்.

மோதிரம், காப்பு, வளையல், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றுங்கள். 12 வோல்ட் நம்மைத் தூக்கி எறியாது. ஆனால் இரு முனைக்கும் இடையே உலோகம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுடும்.

1. சாவியை எடுத்துவிடுங்கள். கருவியின் பிளக் சுவரில் இருக்கக் கூடாது.
2. சிவப்புக் கவ்வியை + குறியுள்ள முனையில் மாட்டுங்கள்.
3. கறுப்புக் கவ்வியை, பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி, வர்ணம் பூசாத உடல் உலோகத்தில் மாட்டுங்கள். கார் கையேடு இடம் குறித்திருந்தால் அங்கேயே மாட்டுங்கள்.
4. கடைசியாகச் சுவிட்சைப் போடுங்கள்.

கழற்றும்போது தலைகீழ் வரிசை: முதலில் சுவிட்ச், பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. தீப்பொறி பேட்டரியின் அருகே எழாமல் இருக்கவே இந்த வரிசை.

1960களில் வந்த பழைய ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் + முனையே உடலோடு இணைந்திருக்கும். அத்தகைய காரை மெக்கானிக்கிடம் காட்டாமல் தொட வேண்டாம். பேட்டரி எந்த வகை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிக்குத் தனிக் கருவி வேண்டும்.

கவனம்!

கருவி மழையில் நனையக் கூடாது. ஒட்டுப் போட்ட வயரை முற்றத்தில் இழுத்து விடாதீர்கள். பேட்டரி அருகே சிகரெட்டும் ஊதுவத்தியும் ஆகாது. பேட்டரி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை வீசினாலோ கருவியை மாட்டாதீர்கள். மாட்டியிருந்தால் சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு விலகி, மெக்கானிக்கை அழையுங்கள். இடி மின்னல் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பிள்ளைகள் அங்கே விளையாட வேண்டாம்.

கருவி 5 வாட் இழுத்தாலும், மாதம் முழுவதும் எரிந்தால் 3.6 யூனிட்தான். சிறு விளக்கு ஒன்று எரிவதற்குச் சமம்.

வெளியூரில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. காரை வீட்டில் விட்டுப் போகுமுன் கருவியை நீங்களே மாட்டிக் காட்டுங்கள். மாட்டும் வரிசையையும் கழற்றும் வரிசையையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "அப்பா பார்த்துக்கொள்வார்" என்று சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். பேட்டரி போனால் வேறு வாங்கலாம். பால்மரம் வெட்டி உங்களை வளர்த்த அந்தக் கைகளுக்கு ஒரு சூடும் படக் கூடாது.