கொலுவில் ஒரு கால்வாய்

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு உள்ள மதிப்பு, படிகளின் கீழே தரையில் அமையும் காட்சிக்கும் உண்டு. கலசமும் தசாவதாரமும் பெரியவர்களின் பொறுப்பு. தரையோ சிறுவர்களின் ஆட்சிக்கு உட்பட்டது. ஹைதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அண்டை அயலில் உள்ள தெலுங்கர்களும் பொம்மலகொலுவு வைப்பவர்களே. ஆகையால் பார்க்க வருபவர்களுக்கு நாம் விளக்கம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் தரைக்காட்சி என்று வந்துவிட்டால் ஆண்டுதோறும் அதே பூங்கா, அதே தெப்பக்குளம், அதே கிரிக்கெட் மைதானம் என்றுதான் முடிகிறது. இவ்வாண்டு ஒரு கால்வாயை அமைத்துப் பார்க்கலாமே என்பது என் யோசனை. கால்வாய் என்றால் ஏதோ ஒரு கால்வாய் அன்று. தெலுங்கு நாட்டையும் தமிழ் நாட்டையும் நீர்வழியாகப் பிணைத்த பக்கிங்ஹாம் கால்வாய்.

இக்கால்வாயின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொண்டால்தான் மாதிரியில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய இயலும். 1806ஆம் ஆண்டில் பேஸில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை இதன் முதற் பகுதியைத் தொடங்கினார். நெடுங்காலம் இதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837இல் அரசாங்கம் இதை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கே பழவேற்காட்டு ஏரியையும் கடந்து பெத்தகஞ்சாம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் படிப்படியாக வளர்ந்து, கடற்கரையை ஒட்டியே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம் பெற்றது. வட முனையில் கொம்மமூர்க் கால்வாய் இதனைக் கிருஷ்ணை நீருடன் இணைத்தது; அதற்கும் அப்பால் ஏலூர்க் கால்வாய் வழியே கோதாவரிப் பகுதிக்கும் காக்கிநாடாவுக்கும் படகுகள் செல்லலாம். நெல்லூர்ப் பக்கத்து அரிசியும் விறகும் உப்பும் மீனும் படகேறிச் சென்னைக்கு வந்தன. பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குத் தோணியில் சென்றதை 'மாவலிபுரச் செலவு' என்று பாடியதும் இக்கால்வாயைப் பற்றியே.

1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் இரயிலும் பெருகிய பின் அதனைச் செப்பனிடுவாரும் குறைந்தனர். சென்னை நகருக்குள் பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் படுகையிலேயே நிற்கின்றன. எஞ்சிய நீரில் சாக்கடை கலந்துவிட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது கடல்நீரைத் தன்னுள் வாங்கி, கரையோர ஊர்கள் பலவற்றில் சேதத்தைக் குறைத்தது என்று ஆய்ந்தோர் கூறினர். 2008இல் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாகவும் இதனை அறிவித்தார்கள். எனினும் பாய் விரித்த சரக்குப் படகை அதில் பார்த்த கண்கள் இன்று வயது முதிர்ந்த கண்களே. வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அப்படகைக் காட்ட வேண்டுமாயின் நாமே செய்துதான் காட்டவேண்டும்.

முதலில் அளவு. சிறு காட்சிகள் கெட்டுப்போவதற்குத் தலையாய காரணம் அளவு ஒவ்வாமையே. கொண்டபல்லிப் பொம்மைகள் மிக அழகியவை. எடை குறைந்த பொணிகி மரத்தில் செதுக்கப்படுபவை. இங்குள்ள கைவினைப் பொருள் அங்காடிகளில் கிடைப்பவை. ஆனால் அரையடி உயரமுள்ள கொண்டபல்லி உழவனை ஒன்பது அங்குலப் படகின் அருகே நிறுத்தினால், படகு அவனுக்குத் தொட்டிலாகிவிடும். ஆகவே ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று ஒரே அளவை வகுத்துக்கொண்டு, இறுதிவரை அதனின்று மாறாதிருப்பது நலம். அவ்வாறாயின் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒட்டுப்பலகை, 192 அடி நீளமும் 96 அடி அகலமும் உள்ள நிலமாகிறது. பத்து அங்குல அகலம் விட்டால் நாற்பதடிக் கால்வாய். படகு ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். ஆள் ஒன்றரை அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு.

நீரை எவ்வாறு காட்டுவது? தட்டில் மெய்யான நீரை ஊற்றுவதே எளிது என்று தோன்றும். ஆனால் ஒன்பது நாள் தேங்கிய நீரில் தூசி படியும், கொசு முட்டையிடும், ஹைதராபாத்தில் மழை ஓய்ந்தும் ஓயாதும் இருக்கும் அப்பருவத்தில் டெங்குக் காய்ச்சலை நாமே வீட்டிற்கு அழைத்ததாகும். நிலைக்கண்ணாடி வைப்போரும் உண்டு. அது மலைச்சுனைக்குப் பொருந்தும். சேறு கலந்து மெல்ல நகரும் கால்வாய்க்குப் பொருந்தாது. என் கருத்தில் சிறந்த முறை இதுதான்: பலகையின் மீதே வண்ணம் பூசவேண்டும். நடுவில் கரும்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். கரையை நெருங்க நெருங்க மண்நிறம். இரண்டும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாதவாறு ஈரத் தூரிகையால் இழைத்துவிட வேண்டும். அது நன்கு உலர்ந்த பின் மேலே சாதாரணக் கண்ணாடித் தகட்டைப் பதித்து, அதன்மேல் தெளிந்த வார்னிஷைத் தூரிகையின் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் சிற்றலைகள் எழும். கண்ணாடியின் விளிம்புகளைக் கடைக்காரரிடமே தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர் கை படும் பொருள்.

கரைகளைத் தெர்மோகோல் துண்டுகளால் உயர்த்தி, காகிதக் கூழால் மூடி, மணலைத் தூவலாம். சவுக்கு மரத்திற்குத் தேங்காய் நாரைப் போன்ற பொருள் வேறில்லை. பச்சை வண்ணத்தில் தோய்த்து உலர்த்தி மெல்லிய கம்பியில் சுற்றினால் போதும். உப்பளக் குவியலுக்கு உப்பையே வைக்காதீர்கள்; ஈரக் காற்றில் கசிந்துவிடும். ரவையை வைத்தால் எறும்பு வரும். கோலமாவுக் கல்பொடியே ஏற்றது.

படகை நீர்மட்டத்தோடு வெட்டிவிட வேண்டும். கண்ணாடியின்மேல் வைக்கும்போது கீழ்ப்பகுதி மூழ்கியிருப்பதாகவே தோன்றும். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் படகுகள் ஏழடிக்கும் குறைந்த அகலமும் எழுபதடி வரை நீளமும் உடையவை. அங்குள்ள நீர்க்கதவுகளின் இடைவெளி அத்தனை குறுகியது. படகின் வடிவத்தைக் கதவு தீர்மானித்துவிட்டது. ரோஜா மலர்களையும் கோட்டைகளையும் அவற்றின் பக்கங்களில் எழுதி அழகுபடுத்துவர். படங்களைப் பார்த்து அதைச் செய்துவைக்க ஆசை எழலாம். எண்ணூர்க் கரையில் அது மணக்கோலத்தில் வந்த விருந்தாளி போல் நிற்கும். நம்முடையது தார் பூசிய கரும்படகு. ஒட்டுப்போட்ட பாய், பின்புறம் சுக்கான், ஒரு நீண்ட மூங்கிற் கழி, நடுவில் விறகுக் கட்டுகள். விறகுக்கு ஈர்க்குச்சியை நறுக்கினால் போதும்.

காற்று துணை செய்யாதபோது படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுப்பர். இக்கயிற்றைப் படகின் மூக்கில் கட்டுவதே இயல்பு என்று நினைப்போம். பல மாதிரிகளில் அவ்வாறே காண்கிறோம். அப்படிக் கட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் மூக்கு கரைப்பக்கம் திரும்பி, படகு மண்ணில் முட்டும். மூக்கிலிருந்து படகின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, பாய்மரத்தின் உயரத்தில் கட்டினால், சுக்கான் பிடிப்பவர் எளிதில் நேர்செய்யலாம். கயிறும் கரைப்புதரில் சிக்காது.

பாலம்தான் இக்காட்சியில் மிகுதியாகக் கற்பிக்கும் பகுதி. அட்டையில் வெட்டி ஒட்டிவிடலாம். ஆனால் கல் வளைவு எவ்வாறு சாந்தின்றியும் நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் கையாலேயே அறியும் வாய்ப்பை ஏன் இழக்கவேண்டும்? கால்வாயின் குறுகிய இடத்தில் ஆறு அங்குல இடைவெளி விட்டு இரண்டு கனத்த மரக்கட்டைகளை அசையாதவாறு ஆணியால் பொருத்துங்கள். ஆறு அங்குலக் குறுக்களவுள்ள தகர டப்பாவை நெடுக்கே இரண்டாக வெட்டி, அரைவட்டத்தை அவ்விடைவெளியில் கவிழ்த்து வையுங்கள். அடியில் நான்கைந்து சீட்டு அட்டைகளைக் கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். பிறகு பதினொரு மர ஆப்புகள். ஒவ்வொன்றும் உள்விளிம்பில் முக்கால் அங்குலத்திற்குச் சற்று மிகையாகவும், வெளிவிளிம்பில் ஓர் அங்குலத்திற்குச் சற்று மிகையாகவும், கனத்தில் முக்கால் அங்குலமாகவும் இருக்கவேண்டும். தச்சரிடம் கொடுத்தால் அறுத்துத் தருவார். இரு பக்கத்திலிருந்தும் ஐந்தைந்தாக அடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் உச்சியில் ஒன்றைச் செருக வேண்டும். அதுவே முகட்டுக்கல். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதன் காரணம் அப்பொழுது விளங்கும்.

இப்போது அட்டைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். டப்பா மெல்லக் கீழிறங்கும்; வளைவு நிற்கும். மேலிருந்து விரலால் அழுத்தினால் இன்னும் இறுகும். பாரம் கீழே பாயாமல் பக்கவாட்டில் ஆப்பு ஆப்பாகக் கைமாறி இருகரைக் கட்டைகளையும் தள்ளுகிறது. கட்டைகளின் ஆணியை ஒருமுறை தளர்த்திப் பாருங்கள், வளைவு சரிந்துவிடும். 1578இல் மூசி ஆற்றின்மேல் கட்டப்பட்ட நம் நகரத்துப் புரானாபூலின் வளைவுகளுக்கும் இதே விதிதான். கொலுவுக்கு வைக்கும்போது மட்டும் ஆப்புகளைப் பசையால் ஒட்டிக்கொள்ளலாம். பாலத்தின் அடியில் நீரை ஒட்டி ஒற்றையடிப் பாதை ஒன்று விடவேண்டும். கயிறு இழுப்பவர்கள் அவ்வழியே சென்றால்தான், பாலத்துக்குப் பாலம் கயிற்றை அவிழ்த்துக் கட்டும் வேலை மிஞ்சும்.

நீர்க்கதவைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாய் கொற்றலை, கூவம், அடையாறு, பாலாறு முதலிய ஆறுகளைக் குறுக்கிடுகிறது; ஆற்றின் வெள்ளமும் கடலின் ஏற்றவற்றமும் உள்ளே புகுந்து நீர்மட்டத்தைக் குலைக்காதிருக்கக் கதவுகள் தேவைப்பட்டன. கிருஷ்ணை, கோதாவரி வட்டாரத்துத் தெலுங்கர் இதனை 'லாகு' என்று தம் மொழிச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டனர். 'நீர்ப்பூட்டு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், நீருக்கு யாரோ பூட்டுப் போட்டதாகத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் இன்னும் மனத்தில் ஒட்டவில்லை. மாதிரியின் ஒரு முனையில் இரட்டைக் கதவு வைத்தால் போதும். அவை சேருமிடம் நீர்மட்டம் உயர்ந்த பக்கத்தை நோக்கி முனையாக நீட்டியிருக்கட்டும். உயர்ந்த நீரின் அழுத்தமே கதவுகளை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கும். தட்டையாக வைத்தால் பொறியியல் அறிந்த விருந்தினர் உடனே கண்டுபிடித்துவிடுவர்.

இனி மனிதர்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78இல், பெரும் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய்க்கு வந்தது. அவ்வேலைக்கு ஏறத்தாழ அறுபது இலட்சம் ஆள்-நாள் உழைப்புச் சென்றது என்பர். அப்பஞ்சத்தில் 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிவாரண வேலையாள் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். மண் வெட்டுபவன் அதைக்கொண்டு உயிர்தரிக்க இயலாது என்று சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார்.

மங்கலமான கொலுவில் பஞ்சத்தைக் கொண்டுவரலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எலும்பும் தோலுமான உருவங்களை வைக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் பாயும் படகும் பாலமும் மட்டும் வைத்துவிட்டு, வெட்டியவரையும் இழுத்தவரையும் விட்டுவிட்டால், அது கால்வாயாகாது, நாட்காட்டிப் படமாகும். பாலத்திற்கு அப்பால், கரையின் ஒரு கோடியில் புதுமண் மேடு ஒன்று, மண்வெட்டியுடன் இருவர், கூடை சுமந்த பெண்கள் மூவர். இவ்வளவே போதும். யார் இவர்கள் என்று குழந்தை கேட்கும், கேட்டால் சொல்லலாம். வெற்றிலை பாக்கு வாங்க வரும் தெலுங்குத் தோழியரிடமும் சொல்லலாம். அப்பஞ்சம் அவர்களுடைய நெல்லூரையும் கடப்பையையும் விட்டுவைக்கவில்லை.

ஒன்றரை அங்குல உருவங்கள் கடையில் கிடைக்கமாட்டா. மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடாக்கி, களிமண் பூசி, உலர்ந்தபின் வண்ணம் தீட்ட வேண்டும். கயிறு இழுப்பவர்களை நிமிர்ந்து நிற்க வைக்காதீர்கள். உடல் முன்னோக்கிச் சாயவேண்டும். பின்கால் நீண்டு ஊன்ற வேண்டும். கயிறு தோளின் குறுக்கே, அடியில் ஒரு துணிச்சுருளோடு செல்லவேண்டும். கயிற்றுக்குத் தேயிலை நீரில் தோய்த்த நூல் ஏற்றது. அதுவும் தொய்ந்து கிடந்தால் அவர்கள் மாலையில் உலாவச் சென்றவர்களைப் போல் தோன்றுவர். நூலுக்குப் பதில் மெல்லிய கம்பியை எடுத்து அதன்மேல் நூலைச் சுற்றி, நடுவில் மிகச் சிறிதளவே தாழுமாறு வளைத்துப் பொருத்தினால், ஒன்பது நாளும் அது இறுகியே இருக்கும்.