மலை வெட்டுக்கிளியும் அதன் பெயரும்

விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில் வயல் வரப்பின்மீது நடப்போர் காலடியில் வெட்டுக்கிளிகள் துள்ளி எழக் காணலாம். அவற்றுள் சில துள்ளலோடு நில்லாமல், சிறகு விரித்து அடுத்த வயலுக்குப் பறந்துவிடும். ஆனால், வெட்டுக்கிளிகள் யாவும் பறப்பன அல்ல. உயர்ந்த மலைகளில் வாழ்வனவற்றுள் பல, குறுகிய சிறகு உடையன. சில சிறகே இல்லாதன. குளிரும் பலத்த காற்றும் மிக்க அவ்விடங்களில் பறத்தலால் பயன் குறைவு. காற்றால் அடித்துச் செல்லப்படும் இடரும் உண்டு.

சிறகில்லாப் பூச்சிக்கு மலையுச்சி ஒரு தீவு. சூழ்ந்துள்ள வெப்பமான சமவெளியே அதற்குக் கடல். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து கிடக்கின்றது. அதனைக் கடக்க இயலாத பூச்சிகள் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்து, வெவ்வேறு சிற்றினங்களாக மாறுதல் இயல்பு.

தென்னாட்டு வெட்டுக்கிளிகளைப் பற்றிப் பிறநாட்டு அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் சேர்த்த பூச்சிகளை ஆராய்ந்து, ஸ்பெயின் நாட்டு அறிஞர் பொலிவார் 1897 முதல் 1902 வரை கட்டுரைகள் வெளியிட்டார். பின்னர், ஜெனீவா அருங்காட்சியகத்தைச் சார்ந்த கார்ல், எஷர் என்பாருடன் 1926-27இல் தென்னிந்திய மலைகளில் பூச்சிகளைத் திரட்டினார். அவற்றுள் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து 1929இல் விவரித்தவர் உவரோவ் என்னும் பேரறிஞர். சிறகில்லா வெட்டுக்கிளி ஒன்றிற்கு அவர் பழனி மலையின் பெயரால் ‘பால்னென்சிஸ்’ எனப் பெயரிட்டார்.

புதிய சிற்றினம் ஒன்றை விவரித்தல் எங்ஙனம்? முதலில் ஓர் ஐயம் எழும். வெட்டுக்கிளியின் குஞ்சுகளுக்கும் முழுச் சிறகு இல்லை. எனவே, கையிலுள்ளது வளர்ந்த பூச்சியா, குஞ்சா என்று தெளிதல் வேண்டும். அடுத்து, முன்னர் விவரிக்கப்பெற்ற உறவினங்கள் அனைத்தோடும் அதனை ஒப்பிடவேண்டும். நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. ஒரே இனத்தில் பச்சையும் பழுப்பும் பிறக்கும். தலையின் வடிவு, மார்பின் மேலோடு, பின்தொடை, ஆண்பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள உறுப்புகள் ஆகியவற்றை உருப்பெருக்கியால் நோக்குவர். வேறுபாடு உறுதியானால், ஒரு பூச்சியை மூலமாதிரியாகத் தேர்ந்து, கிடைத்த இடமும் நாளும் குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பர். பின்னர் ஐயுறுவோர் எவரும் அதனைச் சென்று காணலாம். இறுதியாகப் பேரினம், சிற்றினம் என்னும் இரு சொற்களால் பெயரிட்டு, விளக்கத்தை அச்சிட்டு வெளியிடுவர். விலங்குகளுக்கு இம்முறையில் இட்ட பெயர்கள் லின்னேயசின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்தே கணக்கிடப்பெறுகின்றன.

ஒரு சிறு பூச்சிக்கு இத்துணை உழைப்பு எதற்கு? நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளின் பெரும்பகுதியில் சீகை, தைலமரம், பைன் ஆகியவை நடப்பட்டன. புல்வெளி மறைந்தால் சிறகுள்ள பூச்சி வேறிடம் நாடும். சிறகில்லாதது எங்கே செல்லும்? அதனை எவரும் விவரித்திராவிடின், அழிந்தது என்பதும் ஒருவருக்கும் தெரியாது. காக்க விரும்புவோர் முதலில் அறிதல் வேண்டும். அறிதலின் முதற்படி, உற்று நோக்கிப் பெயரிடுதல். அப்பயிற்சியைத் தொடங்க மலையுச்சிக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர் வரப்பே போதும்.