எப்பொக்சிப் பிசினைக் கலத்தலும் இறுகுதலும்

எப்பொக்சிப் பிசின் என்பது கடினமாக்கி எனப்படும் மற்றொரு பொருளுடன் வினைபுரிந்து திண்மமாகும் செயற்கைப் பிசின் ஆகும். இது உலர்வதால் இறுகுவதில்லை. மூலக்கூறுகள் வலைபோல் பிணைவதால் இறுகுகிறது. அமீன் வகைக் கடினமாக்கியில் நைட்ரசனுடன் இணைந்த ஒவ்வோர் ஐதரசன் அணுவும் ஓர் எப்பொக்சித் தொகுதியுடன் வினைபுரியும். ஆகவே தயாரிப்பாளர் குறிப்பிடும் விகிதத்தில் பிழையின்றி அளத்தல் வேண்டும். கடினமாக்கியைக் கூட்டினால் விரைவில் நன்கு இறுகும் என்பது தவறான கருத்தாகும். மிகுதியானது வினைபுரியாமல் தங்கிப் பிசினை வலுவிழக்கச் செய்யும்.

கலனின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்காவிடில் இறுகாத பகுதிகள் எஞ்சும். இவ்வினை வெப்பத்தை வெளியிடுவதால், ஆழமான கலனில் பெருமளவு கலவையை விட்டுவைத்தால் அது சூடேறிப் புகையக்கூடும். அகன்ற தட்டில் பரப்பினால் வெப்பம் எளிதில் வெளியேறும். முற்றாக இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது.