கரைவெட்டி ஏரியின் காணாக் குடிகள்

மேட்டூரில் தேங்கிய காவேரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிறைகிற அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 1999-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலத் தலமாகவும் ஆயிற்று என்றால், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை நினைத்து நாம் பூரிப்பது நியாயமே; ஆயினும் அந்த ஏரியின் ஜீவனத்துக்கு அஸ்திவாரமாய் இருப்பவை கண்ணுக்குப் புலப்படாத சூக்ஷ்ம ஜீவன்கள்.

கரையோரம் குனிந்து ஒரு கை நீரை அள்ளினால் இளம்பச்சைச் சாயலன்றி வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் ஏரி நீரின் ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது சர்வ சாதாரணம். பாசிகள் சூரிய கிரணங்களைக் கொண்டு சமைத்த ஆகாரத்தில் ஒரு பகுதி நீரில் கரைந்து கசிய, அதைப் பாக்டீரியாக்கள் உண்ண, அவற்றை ஓரணு உயிர்களும், இவற்றை மிதவைப் பூச்சிகளும் உண்ண, வீணாகியிருக்க வேண்டியது மீனின் வாய்க்கே திரும்பி வருகிற இந்த விந்தைக்கு, 1983-இல் ஃபரூக் ஆசம் முதலிய விஞ்ஞானிகள் 'நுண்ணுயிர்ச் சுழல்' என்று பெயரிட்டனர்.

பறவை எச்சத்தின் உரம் மிகுந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகி, விடியுமுன் பிராணவாயு குன்றி, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பிராணவாயு எட்டாத அடிச்சேற்றிலோ வேறொரு நுண்ணுயிர்க் குலம் மீத்தேனை உண்டாக்க, அது குமிழிகளாய் மேலெழும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களை, நீரை வடிகட்டி, எஞ்சும் டி.என்.ஏ.வைப் படித்தே இன்று இனம் காண்கிறார்கள்.

இத்தகைய சூக்ஷ்ம ஜீவன்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவையும் அல்ல: பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்னும் ஊரின் களிமண்ணில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த ஓரணு உயிர்களின் ஓடுகள் இன்னும் கிடைக்கின்றன.