காசை அறுத்து புரூச் செய்த போர்க் கைதிகள்: திருச்சி வரை வந்த கதை

காசுமாலை நமக்குப் புதுசு இல்லை. ஆனால், புழக்கத்தில் இருந்த நாணயத்தையே ரம்பத்தால் அறுத்து, புரூச்சாகவும் மோதிரமாகவும் மாற்றியவர்களைத் தெரியுமா? அவர்கள் பொற்கொல்லர்கள் இல்லை, போர்க் கைதிகள்.

யார் இவர்கள்?

தென்னாப்பிரிக்காவில் 1899 அக்டோபர் முதல் 1902 மே வரை நடந்தது இரண்டாம் போயர் போர். ஒரு பக்கம் பிரிட்டன். மறுபக்கம் டச்சு வம்சாவளி விவசாயிகளான போயர்களின் இரண்டு குடியரசுகள்: டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்.

பிடிபட்டவர்களை உள்ளூரிலேயே வைத்தால் தப்பித்து மறுபடி போருக்குப் போய்விடுவார்கள் என்று பிரிட்டன் கருதியது. அதனால் 20,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றியது. செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கையின் தியத்தலாவை எனப் பல இடங்களில் முகாம்கள். இந்தியாவுக்கு வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர். நம்ம திருச்சியிலும் நீலகிரியின் கேத்தியிலும்கூட முகாம்கள் இருந்தன.

ஏன் காசு?

முகாமில் நேரம் நிறைய, வேலை குறைவு. மரம், எலும்பு, கொம்பு என்று கிடைத்ததை எல்லாம் செதுக்கினார்கள். பைப், கைத்தடி, பெட்டி செய்து விற்கவும் செய்தார்கள்.

நாணயம் மட்டும் கொஞ்சம் ஸ்பெஷல். டிரான்ஸ்வாலின் வெள்ளிக் காசில் 92.5% வெள்ளி, மென்மையானது, அறுக்க எளிது. ஒரு பக்கம் அதிபர் பால் க்ரூகரின் முகம், மறுபக்கம் குடியரசின் சின்னம். 1900-லேயே பிரிட்டன் அந்தக் குடியரசைத் தன்னோடு இணைத்துவிட்டது. நாடு போச்சு, காசு மட்டும் கையில் மிச்சம்.

அந்தக் காசுக்கே ஒரு கதை உண்டு. 1892-ல் வந்த முதல் நாணயங்கள் பெர்லினில் தயாரானவை. க்ரூகர் முகத்துக்குக் கீழே வடிவமைப்பாளர் ஓட்டோ ஷுல்ட்ஸின் முதலெழுத்துகள்: ‘ஓ.எஸ்.’ டச்சு மொழியில் ‘ஓஸ்’ என்றால் காளைமாடு! பெரிய சர்ச்சையாகி, பிறகு அந்த எழுத்துகள் நீக்கப்பட்டன.

எப்படிச் செய்தார்கள்?

முதலில் காசில் ஒரு சின்னத் துளை. அதில் மெல்லிய ரம்பத்தை நுழைத்து, உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் அறுத்து எடுப்பார்கள். க்ரூகர் தலையோ சின்னமோ தனியாக நிற்கும். ஓரத்தை அரத்தால் தேய்த்து, பின்னால் ஊசியைப் பற்றவைத்தால் புரூச் ரெடி.

மோதிரத்துக்கு வேறு வழி உண்டு. காசைச் செங்குத்தாகப் பிடித்து, விளிம்பைக் கரண்டியால் பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஓரம் அகன்று மடங்கும். நடுவைக் குடைந்துவிட்டால் வளையம். காசின் எழுத்துகள் மோதிரத்தின் உள்பக்கம் மறைந்திருக்கும். பிற்காலப் போர்களிலும் வீரர்கள் கையாண்ட முறை இது.

யாருக்காக?

பல பொருள்களில் முகாமின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். சிலதில் ஒரு பெண்ணின் பெயர். இங்கேதான் கதை கனக்கிறது. ஆண்கள் கடல் கடந்து இருந்தபோது, அவர்களின் மனைவி, பிள்ளைகளைப் பிரிட்டன் தடுப்பு முகாம்களில் அடைத்தது. அங்கே நோயிலும் பட்டினியிலும் 26,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் குழந்தைகள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களிலும் பதிவானவரை சுமார் 14,000 பேர் மாண்டனர். செய்த புரூச்சை வாங்கிக்கொள்ள ஆளே இல்லாத வீடுகளும் இருந்திருக்கும்.

இன்று வாங்கலாமா?

ஏலங்களில் இவை வருகின்றன. ஆனால் உஷார். காசில் 1892-1897 என்று இருப்பது காசின் வயசைத்தான் சொல்லும். அறுத்தது எப்போது என்று சொல்லாது. பழைய காசை நேற்றுகூட அறுத்திருக்கலாம். குடும்ப ஆவணம், முகாம் பதிவு என ஏதாவது இருந்தால்தான் நம்பிக்கை.

ரீல்ஸ் பார்த்து நீங்களும் பத்து ரூபாய் காசைத் தட்ட ஆரம்பிக்காதீங்க. இந்தியாவில் நாணயச் சட்டம் 2011-ன்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் குற்றம்.

போர் முடிந்ததும் கைதிகள் ஊர் திரும்ப ஒரு நிபந்தனை: பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி. பெரும்பாலோர் கையெழுத்திட்டுக் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களின் மூட்டைகளில் க்ரூகர் முகம் பதித்த புரூச்சுகளும் இருந்தன.